செவ்வாய், வியாழன், சனி

ஊசி ஏறியதும் தொடங்கிவிடுவான் கிளியோட்டிஸ்:
"ஆறு இறுதிச் சுற்று. ஆறு மோதிரம்.
பேச்சு முடிந்தது."
ஒருநாளும் முடிந்ததில்லை.

கேரி நகரம், இந்தியானா.
முன்பு செருப்புக்கடையாக இருந்த கட்டடம்.
இப்போது பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள்.
பக்கத்துக்கொன்றாக நிற்கும் இயந்திரங்கள்
எங்கள் ரத்தத்தை வாங்கி
துவைத்துத் திருப்பித் தருகின்றன.
நான்கு மணி நேரம்.
நடுவரில்லாத பட்டிமன்றத்துக்கு
இதைவிட நல்ல மண்டபம் உண்டா?
வெளிநடப்புக்கு வழியே இல்லை.

ராடோமிர் உருக்காலையில் முப்பத்தொரு வருடம் வெந்தவன்.
ஆறு என்றால் பதினொன்று என்பான்.
"பதினொரு மோதிரம். கைவிரல் போதாமல்
கால்விரலில் ஒன்று மாட்டவேண்டும்."
"அப்போது இருந்ததே எட்டு அணிதானே!"
"உன் ஆள் காலத்தில் எத்தனை இருந்தால் என்ன,
பாதி சவலை."

எனக்கு ஒரே ஒரு இரவு போதும்.
ஒரு மனிதன், நூறு புள்ளி.
படச்சுருள் கிடையாது, காகிதம்தான் சாட்சி.
"கண்ணால் பார்க்காததை நம்புவாயா?" என்றார்கள்.
என் சிறுநீரகம் போனதையும்
காகிதத்தில்தான் பார்த்தேன், நம்பவில்லையா?
சிரித்த சிரிப்பில் ராடோமிரின் இயந்திரம் அலறியது.
தெனீட்டா ஓடிவந்து குழாயை நீவிவிட்டு,
"இன்னொரு மோதிரம் என்று யாராவது சொன்னால்
சுவரைப் பார்த்து உட்காரவைப்பேன்" என்றாள்.

நான்காவது நாற்காலி லவெல்.
முப்பத்தெட்டு வயது. எங்களுக்குக் குழந்தை.
அவனுடைய ஆளுக்கு நான்கே மோதிரம்.
"எண்ணாதீர்கள்" என்பான்.
"இருபது பருவம். நாற்பது வயதிலும்
பின்னால் துரத்திவந்து பந்தைத் தட்டுகிறான்.
உச்சிக்குப் போனவர்கள் நிறையப் பேர்.
அங்கேயே குடியிருந்தவன் யார்?"
"குடியிருக்க அது என்ன வாடகை வீடா?"
கிளியோட்டிஸ் முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

அக்டோபரில் ஒரு வியாழன்
நான்காவது நாற்காலி காலி.
சனிக்கிழமையும்.
தெனீட்டாவிடம் கேட்டோம்.
"சொல்லக் கூடாது. சட்டம்."
முகத்தைப் படிக்கப் பார்த்தோம்.
பதினாறு வருடப் பழக்கம்,
அவள் முகத்தில் எழுத்தே இல்லை.
சிறுநீரகம் கிடைத்திருக்கும் என்றேன் நான்.
காரில் பெயர் ஒலிக்க, இண்டியானாபோலிஸுக்குப் பறந்திருப்பான்.
ராடோமிர் நெஞ்சில் சிலுவை போட்டான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

செவ்வாய். ஊசி ஏறியது.
கிளியோட்டிஸ் வாயைத் திறக்கவில்லை.
ஒன்பது மணிக்கு, கூரையைப் பார்த்தபடி:
"இருபது பருவம்டா.
முழங்காலை நினைத்துப் பாருங்கள்.
ஒரு வருடம் இரண்டு வருடமா."
நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.
"என்ன பார்க்கிறீர்கள்? யாராவது சொல்லவேண்டாமா?"

அப்படியானால் ஆறு மோதிரம் அநாதை.
ராடோமிர் பெருமூச்சுவிட்டான்,
வேண்டாத விருந்தாளிக்குக் கதவு திறப்பவன்போல.
"சரி. ஆறு. ஒன்றிலும் தோற்கவில்லை."
பதினொன்று என் தலையில் விழுந்தது.
விதிப்படி திட்டிக்கொண்டோம்.
என் நூறு புள்ளியை எடுத்துக்கொள்ள ஆளில்லை,
அது பாட்டுக்கு நடுவில் கிடந்தது.

அப்போதுதான் லவெல் நாற்காலியில்,
காலையில் புதிதாக வந்த அம்மாள்,
ஆர்செட்டா கோல்ஸ், தபால்துறை ஓய்வு,
போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு
கேட்டார்:
"ஒரு மணி நேரமாகக் கேட்கிறேன்.
உங்கள் உலகத்தில்
ஒரு பெண்ணாவது பந்தைத் தொட்டிருக்கிறாளா?"

கிளியோட்டிஸின் இயந்திரம் அலறத் தொடங்கியது.